ஒரு பவுனுக்கு வாங்கிய கப்பல்

பிரிட்டனின் வடக்குப் பகுதிக்கு ஸ்காட்லாந்து என்று பெயர். அங்கே கிளைடு என்று ஒரு ஆறு ஓடுகிறது. ஆற்றங்கரையில் கிளாஸ்கோ என்ற பெரிய நகரம் இருக்கிறது.

1974ஆம் ஆண்டு அங்கே ஒரு கப்பல் விலைக்குப் போனது. சின்னப் படகு இல்லை. 240 அடி நீளக் கப்பல். நம் ஊர் பஸ்கள் ஏழை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவு நீளம். அந்தக் கப்பலின் விலை ஒரே ஒரு பவுன்.

பவுன் என்றதும் தங்கப் பவுன் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டன் நாட்டுப் பணத்துக்கும் பவுன் என்றுதான் பெயர். நமக்கு ரூபாய் போல அவர்களுக்குப் பவுன். அன்றைக்கு ஒரு பவுன் நம் பணத்தில் 20 ரூபாய்க்கும் குறைவு.

இருபது ரூபாய்க்குக் கப்பலா? யார் விற்றார்கள்? யார் வாங்கினார்கள்? வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? அந்தக் கதையைப் படிப்போம்.

அந்தக் கப்பலின் பெயர் வேவர்லி.

ஆவியின் பலம்

அடுப்பில் இட்லிப் பானை கொதிக்கிறது. மூடி தடதடவென்று ஆடுகிறது. மூடியை ஆட்டுவது எது? உள்ளே இருக்கும் நீராவி. தண்ணீர் ஆவியானால் அதற்கு நிறைய இடம் வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் முட்டித் தள்ளும். அந்தப் பலத்தை வைத்துத்தான் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. ஆலை ஓடியது. கப்பலும் ஓடியது.

வேவர்லி கப்பலில் பாய்லர் என்ற கொதிகலன் இருக்கிறது. அதில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். ஆவி குழாய் வழியாக எந்திரத்துக்குப் போகிறது. எந்திரத்தில் மூன்று உருளைகள். முதல் உருளை சின்னது. அதில் ஆவி முழுப் பலத்தோடு தள்ளும். அங்கிருந்து வெளியே வரும் ஆவியில் இன்னும் பலம் மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் இரண்டாவது உருளைக்கு விடுகிறார்கள். அது கொஞ்சம் பெரியது. பிறகு மூன்றாவது உருளை. அது எல்லாவற்றிலும் பெரியது.

தேங்காயைப் பிழிந்து முதல் பால் எடுக்கிறோம். அதே சக்கையில் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுக்கிறோம். மூன்றாம் பாலும் எடுக்கிறோம். இங்கே ஆவியைப் பிழிகிறார்கள். கடைசியில் அந்த ஆவியைக் குளிர வைத்துத் தண்ணீராக்கி மறுபடியும் பாய்லருக்கே அனுப்புகிறார்கள். அவ்வளவு சிக்கனம்!

எந்திரம் ஒரு பெரிய தண்டைச் சுற்றுகிறது. தண்டின் இரண்டு முனையிலும் இரண்டு பெரிய சக்கரங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பலகைகள். கப்பலின் இடப்பக்கம் ஒரு சக்கரம், வலப்பக்கம் ஒரு சக்கரம். சக்கரம் சுற்றும்போது பலகைகள் துடுப்பு மாதிரி தண்ணீரைத் தள்ளும். கப்பல் நகரும். இதைத் துடுப்புச் சக்கரக் கப்பல் என்று சொல்லலாம். மற்றக் கப்பல்களுக்குப் பின்னால் தண்ணீருக்கு அடியில் விசிறி மாதிரி ஒன்று சுற்றும். வேவர்லிக்கு அது கிடையாது.

இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் இருப்பதால் ஒரு கஷ்டமும் உண்டு. ஒன்றை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் சுற்ற முடியாது. கரை அருகே மெதுவாகத் திருப்புவது சிரமம். இந்தக் கப்பலை ஓட்டுபவருக்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும்.

எந்திரத்தைப் பெட்டிக்குள் மூடி வைக்கவில்லை. பயணம் செய்கிறவர்கள் கம்பிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெரிய இரும்புக் கைகள் முன்னும் பின்னும் போய் வருவது கண் எதிரே தெரியும். எண்ணெய் வாசனை வரும். சூடு முகத்தில் அடிக்கும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பெரியவர்களும்தான்.

கூலிக்காரர்களின் சுற்றுலா

கிளைடு ஆற்றுக்கும் நீராவிக் கப்பலுக்கும் பழைய உறவு உண்டு. ஹென்றி பெல் என்பவர் அந்த ஆற்றங்கரையில் ஹெலன்ஸ்பர்க் என்ற ஊரில் விடுதி வைத்திருந்தார். விடுதிக்கு ஆட்கள் வர வேண்டும். நல்ல சாலை இல்லை. 1812ஆம் ஆண்டு அவர் காமெட் என்ற சிறிய நீராவிக் கப்பலை ஓட்டினார். ஐரோப்பாவில் நீராவிக் கப்பலில் ஆட்களை ஏற்றி வெற்றியாகத் தொழில் நடத்தியது அதுதான் முதல் முறை.

பிறகு ஆறு முழுவதும் கப்பல்கள். கிளாஸ்கோ நகரத்தில் ஆலைகள் அதிகம். கப்பல் கட்டும் பட்டறைகள் அதிகம். அங்கே வேலை செய்தவர்களுக்கு ஜூலை மாதத்தில் விடுமுறை வரும். புகையும் தூசியும் நிறைந்த நகரத்தை விட்டு, குடும்பத்தோடு கப்பல் ஏறி ஆற்றின் கீழ்ப் பக்கம் போவார்கள். அங்கே கடல் காற்று கிடைக்கும். மலை தெரியும். பணக்காரர்களின் உல்லாசப் பயணம் இல்லை இது. ஆலைத் தொழிலாளி, தையல் வேலை செய்கிற பெண், சுமை தூக்குகிறவர் எல்லாம் போன பயணம்.

அந்த வழியில் ஓடத்தான் வேவர்லி கட்டப்பட்டது. அதற்கு முன்பே அதே பெயரில் ஒரு கப்பல் இருந்தது. அது 1899ஆம் ஆண்டுக் கப்பல். இரண்டாம் உலகப் போரில் அதைப் போர் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிரான்சு நாட்டின் டன்கர்க் கடற்கரையில் சிக்கிக்கொண்ட படை வீரர்களை மீட்கப் போனது. 1940 மே 29ஆம் தேதி விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்தன. வீரர்கள் பலர் அதோடு இறந்தார்கள்.

போர் முடிந்ததும் அதற்குப் பதிலாகப் புதுக் கப்பல் கட்டினார்கள். கிளாஸ்கோவில் இங்லிஸ் என்ற பட்டறையில் கட்டினார்கள். 1946 அக்டோபரில் தண்ணீரில் இறக்கினார்கள். 1947 ஜூன் மாதம் முதல் பயணம் போனது. சொந்தக்காரர் ஒரு ரயில் நிறுவனம். அந்தக் காலத்தில் ரயில்காரர்களே கப்பலும் ஓட்டினார்கள். ரயிலில் இறங்கிக் கப்பலில் ஏறலாம்.

ஆள் குறைந்தது, செலவு கூடியது

காலம் மாறியது. மக்களிடம் கார் வந்தது. பஸ் வந்தது. விமானத்தில் ஏறி ஸ்பெயின் நாட்டுக்குப் போனார்கள். அங்கே வெயில் நிச்சயம். ஸ்காட்லாந்தில் கோடையிலும் மழை பெய்யும்! கார்களையும் ஏற்றிப் போகிற புதுவகைக் கப்பல்கள் வந்தன. பழைய கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பல கப்பல்களைப் பழைய இரும்புக்கு உடைத்தார்கள்.

1973ஆம் ஆண்டு கோடை முடிந்ததும் வேவர்லியும் நின்றது. அப்போது அது கலிடோனியன் மாக்பிரேன் என்ற அரசு நிறுவனத்திடம் இருந்தது. ஓட்டினால் நஷ்டம். பழுது பார்க்கப் பணம் வேண்டும். உடைக்கவும் மனம் வரவில்லை.

துடுப்புச் சக்கரக் கப்பல்களைக் காப்பாற்ற 1959ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கம் இருந்தது. கப்பல் முதலாளிகள் யாரும் அதில் இல்லை. கப்பல் மேல் ஆசை வைத்த சாதாரண மக்கள். 1967ஆம் ஆண்டு அவர்கள் கிங்ஸ்வேர் காசில் என்ற சின்ன ஆற்றுக் கப்பலை 600 பவுனுக்கு வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை முடிய எத்தனையோ ஆண்டுகள் ஆயின. 1985ஆம் ஆண்டுதான் அது முழுமையாக ஓடத் தொடங்கியது.

அந்தச் சங்கத்திடம்தான் வேவர்லியை விற்றார்கள். 1974 ஆகஸ்ட் 8ஆம் தேதி. விலை ஒரு பவுன்.

இதைப் பெரிய தர்மம் என்று சொல்லிவிட முடியாது. கிழட்டு யானையை ஒரு ரூபாய்க்குக் கொடுப்பது போலத்தான். யானை சும்மா வரும். அதற்குத் தீனி யார் போடுவது? வாங்கியவர்களுக்கு அது தெரியும். தெரிந்தேதான் வாங்கினார்கள்.

உண்டியல் குலுக்கியவர்கள்

சங்கத்தின் கையில் பெரிய பணம் இல்லை. கரையில் கட்டிப் போட்டு, ஆட்கள் வந்து பார்க்கிற கப்பலாக வைத்துக்கொள்வார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சங்கத்தார் வேறு மாதிரி யோசித்தார்கள். கட்டிப் போட்ட கப்பலுக்கு வருமானம் குறைவு. ஓடுகிற கப்பலுக்கு டிக்கெட் பணம் வரும். ஓடினால்தான் எந்திரமும் கெடாமல் இருக்கும். ஆனால் ஓட வேண்டுமென்றால் முதலில் பழுது பார்க்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

பொதுமக்களிடம் கேட்டார்கள். பத்திரிகைகள் எழுதின. நன்கொடை வந்தது. உள்ளாட்சி மன்றங்களும் உதவின. பணம் தர முடியாதவர்கள் வேலை செய்தார்கள். துரு சுரண்டுவது, பலகை மாற்றுவது, வண்ணம் அடிப்பது. இதற்கெல்லாம் கூலி கிடையாது. கூலி கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? அதுவும் நன்கொடைதான். ரசீதில் வராத நன்கொடை.

கப்பலை வைத்துக்கொள்ள ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இது முக்கியமான விஷயம். ஊர்ப் பணத்தில் வாங்கிய சொத்து தனி ஆள் பெயரில் இருக்கக் கூடாது. நம் ஊரில் எத்தனை பொதுச் சொத்து இப்படித் தகராறில் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த நிறுவனம் லாபத்தைப் பங்கு போடுவதில்லை. வருகிற பணம் எல்லாம் கப்பலுக்கே.

1975 மே 22ஆம் தேதி வேவர்லி மறுபடியும் பயணம் போனது. விற்ற நாளிலிருந்து பத்து மாதம்கூட ஆகவில்லை.

இரண்டு ஆண்டுதான். 1977 ஜூலை 15ஆம் தேதி டனூன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பாறைமேல் மோதியது. கப்பலின் அடிப்பகுதி கிழிந்தது. ஆட்களைப் பத்திரமாக இறக்கினார்கள். கதை முடிந்தது என்றே தோன்றியது. பழுது பார்த்தார்கள். மறுபடியும் ஓடியது. ஸ்காட்லாந்தை விட்டு வெளியேயும் போகத் தொடங்கியது. இங்கிலாந்தின் தென்கரைக்குப் போனது. லண்டன் நகரத்தின் தேம்ஸ் ஆற்றுக்கும் போனது. ஒரே ஊரில் நின்றால் ஒரே கூட்டம்தான் வரும். பல ஊருக்குப் போனால் புதுக் கூட்டம் வரும். பிழைக்கத் தெரிந்தவர்கள்!

பாய்லருக்குப் பணம்

மாட்டு வண்டிக்கு அச்சாணி எப்படியோ, நீராவிக் கப்பலுக்குப் பாய்லர் அப்படி. ஆனால் பாய்லர் நிரந்தரமாக உழைக்காது. நெருப்பும் தண்ணீரும் சேர்ந்து இரும்பைத் தின்னும். பலம் குறைந்த பாய்லரில் ஆவியை அடைத்தால் வெடித்துவிடும். அதனால் அதிகாரிகள் சோதித்து அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஒரு ஆளைக்கூட ஏற்ற முடியாது.

1981ஆம் ஆண்டு வேவர்லிக்குப் புதுப் பாய்லர் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு மறுபடியும் மாற்றினார்கள். அப்போது பாய்லர் மட்டும் இல்லை. 2003 வரை இரண்டு கட்டமாகக் கப்பல் முழுவதையும் புதுப்பித்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் பவுன். அதில் பெரும்பங்கு லாட்டரிப் பணம். பிரிட்டனில் தேசிய லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கைப் பழமையைக் காக்கும் வேலைகளுக்கு ஒதுக்குகிறார்கள். லாட்டரி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு.

2019ஆம் ஆண்டு மே மாதம். கோடைப் பயணம் தொடங்க வேண்டிய நேரம். பாய்லர்கள் இனித் தாங்காது என்று தெரிந்தது. அந்த ஆண்டுப் பயணம் முழுவதையும் நிறுத்தினார்கள். டிக்கெட் வருமானம் ஒரு பைசா இல்லை. ஆனால் தேவைப்பட்ட பணமோ 23 லட்சம் பவுன். நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் 20 கோடி ரூபாய்.

ஜூன் மாதம் பொதுமக்களிடம் வேண்டுகோள் விட்டார்கள். ஏன் வேண்டும், எதற்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ‘கப்பலைக் காப்பாற்றுங்கள்’ என்று சும்மா கேட்டால் ஒருவர் கொடுப்பார், பத்துப் பேர் யோசிப்பார்கள். ‘பாய்லர் போய்விட்டது, புதுப் பாய்லருக்கு இவ்வளவு’ என்றால் கேட்கிறவருக்குப் புரியும். கோயில் திருப்பணிக்கு வருகிறவர் ‘கோபுரத்துக்கு’ என்று சொல்லிக் கேட்டால் கை தானாக மடிக்குப் போகிறதல்லவா? அப்படித்தான்.

ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள். சின்ன வயதில் அந்தக் கப்பலில் போனவர்கள் கொடுத்தார்கள். சங்க உறுப்பினர்கள் கொடுத்தார்கள். அறக்கட்டளைகள் கொடுத்தன. 2019 டிசம்பரில் ஸ்காட்லாந்து அரசு 10 லட்சம் பவுன் தருவதாக அறிவித்தது. மக்கள் முதலில் கொடுத்தார்கள், அரசு பிறகு வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மக்கள் பணம் சேர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அரசால் சும்மா இருக்க முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. வருமான வரி கட்டுகிற ஒருவர் பதிவு செய்த தர்ம நிறுவனத்துக்கு 10 பவுன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே வரி கட்டியிருக்கிறார். அந்த வரியை அரசு தர்ம நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. 10 பவுன் 12 பவுன் 50 பென்சாக மாறுகிறது. நூறு பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுன். கொடுப்பவர் ஒரு தாளில் ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவருக்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் கையெழுத்துக்கும் விலை உண்டு!

2020 தொடக்கத்தில் கிரீனாக் என்ற ஊரில் வேலை நடந்தது. புகைக்கூண்டுகளைக் கழற்றினார்கள். பழைய பாய்லர்களை மேலே தூக்கி எடுத்தார்கள். புதியதை இறக்கினார்கள். நடுவில் கொரோனா வந்தது. வேலை தள்ளிப்போனது. ஆகஸ்ட் 22ஆம் தேதி ஒருவழியாகப் பயணம் தொடங்கியது.

பதின்மூன்றாவது நாளே விபத்து. செப்டம்பர் 3ஆம் தேதி ஆரன் தீவில் பிராடிக் என்ற ஊர்த் துறைமேடையில் மோதியது. பலர் காயம் அடைந்தார்கள். அந்த ஆண்டுப் பயணம் அதோடு முடிந்தது. விசாரணை நடந்தது. பழுது பார்த்து 2021ஆம் ஆண்டு மறுபடியும் ஓட விட்டார்கள். பழைய கப்பலை வைத்திருப்பது லேசான வேலை இல்லை. நன்கொடை கொடுத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தை மறைத்துப் பணம் வாங்குவது மோசடி.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் கப்பலைத் தண்ணீரை விட்டு வெளியே கொண்டுவந்து அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கும் வேண்டுகோள் விடுகிறார்கள். எண்ணெய் விலை ஏறினால் திண்டாட்டம். காற்று அடித்தால் பயணம் ரத்து, வருமானம் இல்லை. கப்பலிலேயே சின்னக் கடை வைத்து நினைவுப் பொருள் விற்கிறார்கள். தன் காலத்துக்குப் பிறகு கப்பலுக்குப் பணம் போய்ச் சேரட்டும் என்று உயில் எழுதி வைத்தவர்களும் உண்டு. இப்படித்தான் 2025ஆம் ஆண்டு வேவர்லி இரண்டாம் வாழ்வின் 50ஆம் ஆண்டைக் கொண்டாடியது. கடலில் பயணிகளை ஏற்றிப் போகிற துடுப்புச் சக்கரக் கப்பல் உலகத்திலேயே இப்போது இது ஒன்றுதான்.

கைநழுவிய கப்பல்கள்

எல்லாக் கப்பலுக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. அதே கிளைடு ஆற்றில் ஜீனி டீன்ஸ் என்ற கப்பல் ஓடியது. 1965ஆம் ஆண்டு அதை ஒருவர் வாங்கி லண்டனுக்குக் கொண்டுபோனார். ஆர்வம் இருந்தது. போதுமான பணம் இல்லை. கோளாறு மேல் கோளாறு. 1967ஆம் ஆண்டு உடைக்கப் போய்விட்டது. கலிடோனியா என்ற இன்னொரு கப்பல் லண்டனில் மதுக்கடையாக மாறியது. 1980ஆம் ஆண்டு தீப்பிடித்து அழிந்தது.

அமெரிக்காவில் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற மிகப்பெரிய கப்பல் இருந்தது. நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். 1952ஆம் ஆண்டு முதல் பயணத்திலேயே அட்லாண்டிக் கடலை யாரும் கடக்காத வேகத்தில் கடந்தது. 1969ஆம் ஆண்டு நின்றுவிட்டது. பிறகு பிலடெல்பியா நகரத்தில் பல ஆண்டு சும்மா நின்றது. 2011ஆம் ஆண்டு ஒரு பாதுகாப்புச் சங்கம் அதை வாங்கியது. நன்கொடை வந்தது. வந்த பணத்தை நிறுத்தி வைத்த இடத்தின் வாடகை தின்றது. இடத்துக்காரர் வாடகையை ஏற்றினார். வழக்கு நடந்தது. 2024ஆம் ஆண்டு இடத்தைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. புளோரிடா மாநிலத்தில் ஒரு மாவட்ட நிர்வாகம் அதை வாங்கியது. எதற்கு? கடலில் மூழ்கடிக்க! மீன்கள் தங்க இடமாகும், மூழ்கிப் பார்க்கச் சுற்றுலாக்காரர் வருவார்கள் என்பது திட்டம். 2025 பிப்ரவரியில் கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் சங்கத்துக்கும் ஆசை குறைவில்லை. கப்பல் மிகப் பெரியது. ஓடவில்லை, அதனால் சம்பாதிக்கவில்லை. தினமும் வாடகை மட்டும் ஏறியது.

இவ்வளவு செலவு தேவையா?

இந்தக் கேள்வி நியாயமானது. 20 கோடி ரூபாயில் எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம்? எத்தனை ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கலாம்? ஸ்காட்லாந்திலும் இப்படிக் கேட்டவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. கப்பல் வருகிற நாளில் சின்ன ஊர்களில் கூட்டம் சேருகிறது. டீக்கடைக்கு வியாபாரம். கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம். நீராவி எந்திரத்தை ஓட்டுகிற வித்தையைப் புதியவர்கள் கற்கிறார்கள். புத்தகத்தில் படம் போட்டு அதைச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. நெருப்பின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். இன்னொன்று. கிளைடு ஆற்றங்கரையில் இருந்த கப்பல் பட்டறைகளில் பெரும்பாலானவை இன்று மூடப்பட்டுவிட்டன. வேவர்லியைக் கட்டிய பட்டறையும் இல்லை. அங்கே வேர்வை சிந்திய தொழிலாளிகளின் பேரன் பேத்திகள், ‘இது எங்கள் தாத்தாக்கள் செய்தது’ என்று தொட்டுக் காட்ட இந்தக் கப்பல் இருக்கிறது. அரண்மனைகளைக் காப்பாற்ற ராஜா வீட்டார் இருக்கிறார்கள். தொழிலாளி செய்த பொருளைக் காப்பாற்ற ஆள் குறைவு.

அந்த ஆற்றில் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல் ஒன்று நம் நாட்டிலும் இருக்கிறது. பெயர் போபால். 1940களில் கிளைடு கரையில் டம்பார்டன் என்ற ஊரில் கட்டினார்கள். கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. வேலை முடிந்ததும் பல காலம் கவனிப்பில்லாமல் கிடந்தது. அதையும் உடைத்திருக்கலாம். கொல்கத்தாத் துறைமுகத்தார் வேறு வழி எடுத்தார்கள். ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரர் தன் பணத்தைப் போட்டுப் புதுப்பித்தார். இங்கே உண்டியல் குலுக்கவில்லை. குத்தகைக்காரருக்கு வருமானம் வர வேண்டும் என்பதும் உண்மை.

சொல் அறிவோம்

பாய்லர்: தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி உண்டாக்கும் இரும்புக் கலம்.
அறக்கட்டளை: பொது நன்மைக்காகப் பணம் ஒதுக்கி நடத்தும் அமைப்பு.
குத்தகை: ஒரு பொருளை இத்தனை காலத்துக்கு என்று பேசி, பணம் கட்டிப் பயன்படுத்துவது.
உயில்: தன் காலத்துக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று எழுதி வைக்கும் பத்திரம்.

பேசிப் பாருங்கள்

வேவர்லி பிழைத்தது. யுனைடெட் ஸ்டேட்ஸ் பிழைக்கவில்லை. பணத்தைத் தவிர வேறு என்ன காரணம் இருக்கலாம்?

உங்கள் ஊரில் கவனிப்பில்லாமல் கிடக்கும் பழைய பொருள் எது? ஏற்றமா, செக்கா, சாவடியா, தேரா? அது யார் பெயரில் இருக்கிறது? தாலுகா அலுவலகத்திலோ ஊராட்சியிலோ கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கணக்குப் போடுங்கள்

தேவை 23 லட்சம் பவுன். அரசு 10 லட்சம் பவுன் தந்தது. மீதி எவ்வளவு? ஒவ்வொருவரும் 10 பவுன் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டால் ஒவ்வொன்றும் 12 பவுன் 50 பென்ஸ் ஆகும். அப்படியானால் எத்தனை பேர் கொடுக்க வேண்டும்? ஒருவரும் கையெழுத்துப் போடாவிட்டால் எத்தனை பேர் வேண்டும்? இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். (விடை: மீதி 13 லட்சம் பவுன். கையெழுத்துப் போட்டால் 1,04,000 பேர். போடாவிட்டால் 1,30,000 பேர்.)